விளம்பரம் எழுதும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பி.காம். முடிக்கவிருக்கும் உங்கள் மகள், சி.ஏ. படிக்காமல் நிறுவனங்களுக்கு விளம்பரக் கட்டுரைகள் எழுதும் வேலைக்குப் போக விரும்புவதாகவும், "பொய் எழுதிப் பொருளை விற்பதும் ஒரு பிழைப்பா?" என்று உங்கள் கணவர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் செய்வது வேறு. பிரான்சில் 3,000 கார்கள்கூட ஓடாத 1900ஆம் ஆண்டில், டயர் தயாரித்துவந்த மிஷ்லின் சகோதரர்கள் கார் வைத்திருந்தவர்களுக்காக ஒரு கையேட்டை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். டயரை மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், இரவில் எங்கே தங்கலாம் என்பனவெல்லாம் அதில் இருந்தன. கார்கள் தொலைவு போனால் டயர் தேயும் என்ற வியாபாரக் கணக்கு அவர்களுக்கு இல்லாமலில்லை. ஆயினும் வழியில் நிற்பவனின் தேவையைத்தான் முதலில் எழுதினார்கள்.

உங்கள் மகள் வெட் கிரைண்டருக்கு எழுதிய மாதிரிக் கட்டுரையையும் படித்தேன். 'உலகத் தரம்', 'நவீனத் தொழில்நுட்பம்', 'இல்லத்தரசியின் தோழன்' என்று நான்கு பத்திகள் ஓடுகின்றன. ஆனால் ஓரிடத்திலும் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. வாங்க வருபவர் கேட்பது, 2 லிட்டர் பாத்திரம் ஐந்து பேருக்குப் போதுமா, கல்லைத் தனியாகத் தூக்கிக் கழுவ முடியுமா, பெல்ட் அறுந்தால் எங்கள் ஊரில் கிடைக்குமா என்பவைதாம். ஆகவே நான்கு சனிக்கிழமைகள் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு உபயோகப் பொருள் கடையில் உட்கார்ந்து, வருபவர்கள் கேட்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே குறித்துவரச் சொல்லுங்கள். இரண்டே பேர் உள்ள வீட்டுக்கு இவ்வளவு பெரியது வேண்டாம் என்ற வரியையும் உங்கள் மகள் எழுதத்தான் வேண்டும். முதலாளி முதலில் நீக்கச் சொல்வது அந்த வரியைத்தான்; அதை விடாமல், ஏன் இருக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கே இங்கே மதிப்பு. நடையழகெல்லாம் பிறகு வந்துகொள்ளும்.

பொய் பற்றிய கவலைக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

சி.ஏ. கைநழுவிப் போகிறதே என்றும் கலங்க வேண்டாம். பி.காமில் 55 விழுக்காடு எடுத்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே, அடுத்த கட்டமான இண்டர்மீடியட்டில் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். இதற்கிடையில் அந்த பி.காம். வீணாகாது, ஜிஎஸ்டி கணக்கில் திணறும் சிறு கடைக்காரருக்குப் புரியும்படி எழுத ஆள் தேடும் கணக்கு மென்பொருள் நிறுவனங்கள் உண்டு. கிரைண்டர் கட்டுரையை மட்டும் ஒரு பக்கத்தில், வாடிக்கையாளரின் கேள்வி ஒன்றையே தலைப்பாக வைத்துத் திருத்தி எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.