நன்னடத்தைக் கண்காணிப்பில் (சிறைக்கு வெளியே, அலுவலர் மேற்பார்வையில்) இருக்கும் பெண்ணின் உடல்நலத்துக்கும் மறுபடி குற்றம் செய்வதற்கும் என்ன தொடர்பு?

நோய் யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. கவனிக்காமல் விட்ட நோய்தான் சிக்கல். போதைப்பழக்கம், மனச்சோர்வு, வீட்டில் வாங்கிய அடி எல்லாம் பெரும்பாலும் ஒரே பெண்ணிடம் பின்னிக் கிடக்கும். போதைக்குப் பணம் இல்லையென்றால் கடையில் கை வைப்பார். படுக்கையை விட்டு எழவே முடியாத நாளில் நன்னடத்தை அலுவலரைப் பார்க்கப் போகமாட்டார். அதுவே நிபந்தனை மீறலாகி, மறுபடி நீதிமன்றம்.

இங்கிலாந்தில் ஸ்டையல் சிறையில் 2002-03இல் ஓராண்டுக்குள் ஆறு பெண்கள் இறந்த பிறகுதான் (அதுவரை யார் கேட்டார்கள்!) குற்றவியல் அமைப்பில் சிக்கிய பெண்களைப் பற்றி பிரபுக்கள் சபை உறுப்பினர் ஜீன் கார்ஸ்டனின் 2007 அறிக்கை வந்தது. அதன் 43 பரிந்துரைகளில் முக்கியமானது, பல உதவிகளும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் பெண்கள் மையங்கள். இங்கிலாந்தில் சமூகத்தில் நிறைவேற்றும் தண்டனையோடு மனநல சிகிச்சையையும் நீதிமன்றம் விதிக்கலாம், அந்தப் பெண் சம்மதித்தால். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதற்கு வழி செய்யாவிட்டால், அந்தச் சம்மதம் காகிதத்தோடு சரி.