சார்ஜர் பழசு, செல் புதுசு

கேள்வி (வாசகர், பெகு): பழைய சார்ஜரோடு வந்த 700 எம்.ஏ.எச். (செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) செல்கள் போய்விட்டன. புதிதாக 2500 எம்.ஏ.எச். பென்சில் செல் நாலு வாங்கினேன். சார்ஜரில் போட்டிருக்கிறபடி 14 மணி நேரம் ஏற்றினேன். மூன்று மணி நேரம் எரிய வேண்டிய டார்ச் ஒரு மணிக்குள் மங்குகிறது. செல் போலியா?

பதில்: செல் மேல் பழி போடாதீர்கள். அந்த 14 மணி நேரம் பழைய செல்லுக்குச் சொன்ன கணக்கு. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட் என்று இருக்கும் வரி உள்ளே போகும் கரண்ட், அதை விடுங்கள். 'அவுட்புட்' வரியில் 2.8 வோல்ட், 70 எம்.ஏ. என்பதுபோல் இருக்கும். எம்.ஏ. என்பது செல்லுக்குள் கரண்ட் ஏறும் வேகம். 70-ஐ 14-ஆல் பெருக்கினால் 980. இதில் ஒரு பங்கு சூடாகப் போக, செல்லில் தங்குவது சுமார் 700. பழைய செல் நிறைந்தது, உங்கள் 2500 செல்லில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் ஏறியது.

கணக்கு இதுதான்: செல்லின் எம்.ஏ.எச். எண்ணை 1.4-ஆல் பெருக்கி, சார்ஜரின் எம்.ஏ.-வால் வகுத்தால் மணி நேரம் வரும். உங்களுக்கு 3500-ஐ 70-ஆல் வகுக்க, 50 மணி. இரண்டு நாளுக்கு மேல்! செல் கெடாது, உங்கள் பொறுமைதான் கெடும். 2.8 வோல்ட் என்றால் இரண்டு செல் ஒரே வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் அதே 70-தான் ஓடும், 35 என்று பிரித்துக் கணக்குப் போடாதீர்கள். அப்படி ஜோடியாக ஏறும் சார்ஜரில் பழைய செல்லையும் புதுச் செல்லையும் சேர்த்துப் போடவும் கூடாது.

கேள்வி (வாசகி, ரங்கூன்): எட்டு மணி நேரத்தில் தானே நிற்கும் சார்ஜர் 350 எம்.ஏ., செல் 2000 எம்.ஏ.எச். எங்கள் தெருவில் நாலு மணி கரண்ட் வந்தால் நாலு மணி இருக்காது. செல் கை வைக்க முடியாமல் சுடுகிறது, ஏன்?

பதில்: உங்கள் சார்ஜரும் செல்லும் சரியான ஜோடி. 2000-க்கு 2800 வேண்டும், 350 வீதம் எட்டு மணியில் அது ஏறிவிடும். கோளாறு டைமரில். கரண்ட் போய் வந்ததும் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நாலு மணிக்கு ஒருமுறை கரண்ட் போனால் அதற்கு எட்டாவது மணி வரவே வராது. மூன்றாவது தடவை கரண்ட் வந்ததிலிருந்து ஏறுவதெல்லாம் அதிகப்படி. செல்லுக்குள் வாயு சேர்ந்து, உள்ளிருக்கும் ஈரம் காய்கிறது. அப்படி நாலைந்து தடவை ஆனால் செல் தேறாது. இரண்டு தடவை ஏற்றியதும் கையாலேயே கழற்றிவிடுங்கள். எத்தனை தடவை ஆயிற்று என்று ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டு வையுங்கள். முடிகிற நேரத்தில் செல் வெதுவெதுப்பாவது சகஜம், முஷ்டிக்குள் பிடிக்க முடியாத சூடுதான் கூடாது.

புது சார்ஜர் வாங்குவதானால் நாலு குழிக்கு நாலு விளக்கு உள்ளதாக, செல் நிறைந்ததைத் தானே அறிந்து நிற்பதாகப் பாருங்கள். அது அறியும் வழி சற்று நுட்பமானது: நிறைந்ததும் செல்லின் வோல்டேஜ் ஒரு துளி இறங்கும். பழைய வகை நிக்கல்-காட்மியம் செல்லில் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். இப்போது விற்கும் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் சில மில்லி வோல்ட்தான். 200 எம்.ஏ. போல மெதுவாக ஏற்றினால் 2500 செல்லில் அது சார்ஜர் கண்ணுக்கே படாமல் போகலாம். ஆகவே பென்சில் செல்லுக்கு 1000 எம்.ஏ. அளவில் ஏற்றுவதே நல்லது. ரிமோட்டில் போடும் 800 எம்.ஏ.எச். சின்னச் செல்லுக்கு 400 போதும்.

கேள்வி (வாசகர், தட்டோன்): சந்தையில் 9000 எம்.ஏ.எச். பென்சில் செல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த அளவு மெட்டல் ஹைட்ரைடு செல்லில் சுமார் 2800-க்கு மேல் அடைக்க முடிவதில்லை. நல்ல செல் 25 முதல் 30 கிராம் இருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், 15 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். கரண்ட் போகும்போது மட்டும் எடுக்கிற டார்ச்சுக்கு, ஏற்றி வைத்தது மாதக்கணக்கில் இறங்காத 2000 செல்லே மேல். 2700 செல்கள் பல சும்மா கிடந்தே ஒரு மாதத்தில் கணிசமாக இறங்கிவிடும். '1.5 வோல்ட் லித்தியம்' என்று போட்ட சார்ஜ் செல் கையில் அகப்பட்டால் அதை இந்தச் சார்ஜர்களில் செருகவே செருகாதீர்கள். அதற்குத் தனிச் சார்ஜர் உண்டு.