கம்பெனி காபி இலவசம், கார் தவணை இலவசம் இல்லை

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 27 வயது. உம்லாங்காவில் ஒரு ஏஐ கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை, கைக்கு மாதம் 42,000 ரேண்ட். ஆபீஸில் காபி போட்டுத் தரவே ஓர் ஆள், மதியம் சுஷி. போன டிசம்பரில் எல்லோரையும் சான்சிபாருக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது 700,000 ரேண்டுக்குக் கார் வாங்கப் போகிறான். பாதிக் கூட்டாளிகள் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். கம்பெனிப் பங்கும் வாங்க வேண்டுமாம். அதற்கு எங்கள் வீட்டு பாண்டில், அதாவது வீட்டுக் கடனில், கூடுதலாகக் கட்டி வைத்திருக்கும் 150,000 ரேண்டை எடுத்துத் தரச் சொல்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா.

அந்தக் காபிக்காரருக்குச் சம்பளம் கம்பெனியின் லாபத்திலிருந்து வருகிறதா என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக முதலீட்டாளர் போட்ட பணமாகத்தான் இருக்கும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதில் தப்பில்லை, சுஷி கிடைத்தால் சாப்பிடட்டும். ஆனால் அந்த ஆபீஸ் பழக்கத்தை அவன் சொந்தக் கடனில் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் எனக்கு உறுத்துகிறது.

காரைப் பார்ப்போம். வட்டி 12 சதவீதம், 72 மாதம், 35 சதவீதம் பலூன் (கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகை) என்று வைத்துக்கொண்டால் தவணை சுமார் 11,350 ரேண்ட். பலூன் இல்லாவிட்டால் சுமார் 13,700. மாதம் 2,350 மிச்சம் என்று ஷோரூமில் சொல்வார்கள். ஆறு வருடம் கழித்து 245,000 ரேண்ட் மொத்தமாகக் கேட்பார்கள் என்பதை மெதுவாகச் சொல்வார்கள். அந்த 245,000-க்கு ஆறு வருடமும் வட்டி ஓடுவதால் கடைசியில் 76,000 ரேண்டுக்கு மேல் அதிகம் போகும்.

வேலை போனால்? சட்டப்படி ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம்தான் குறைந்தபட்சம். இரண்டு வருடத்துக்கு இரண்டு வாரம். அப்புறம் யூஐஎஃப், அதாவது வேலையில்லாதோருக்கான அரசுக் காப்பீடு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அதில் மாதம் 17,712 ரேண்டுக்கு மேல் கணக்கில் வராது. அந்த உச்சத்தில் 38 சதவீதம், அதாவது 6,700 சொச்சம். அதை வைத்து 11,350 எப்படிக் கட்டுவான்? 300,000 ரேண்டுக்கு ஒரு கார், பலூன் இல்லாமல் எடுத்தால் தவணை 5,900-க்குள் அடங்கும். சாப்பாட்டுக்கு இடிக்கும்தான், ஆனாலும் வண்டியை வங்கிக்காரன் ஓட்டிப்போக மாட்டான்.

பங்கு விஷயத்தில் நானே சூடு கண்டவன். 2000-இல் ஊரெல்லாம் டாட்காம் பேச்சு. ஐடி பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு யூனிட் டிரஸ்டில் போனஸ் முழுவதையும் போட்டேன். அந்த வருடம் மார்ச் 10-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 5,048-இல் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114. நம் தென்னாப்பிரிக்க ஐடி கம்பெனி டைமென்ஷன் டேட்டா 2000 ஜூலையில் லண்டன் சந்தைக்குப் போனது. நல்ல கம்பெனி, மூழ்கவில்லை, 2010-இல் ஜப்பானின் என்டிடி அதை வாங்கியது. ஆனாலும் நடுவில் அதன் பங்கு அதலபாதாளத்துக்குப் போய்வந்தது. தொழில் தப்பிப் பிழைப்பது வேறு, உச்ச விலையில் வாங்கியவன் பிழைப்பது வேறு.

உங்கள் மகன் கம்பெனி சந்தையில் பட்டியலாகாதது என்றால் இன்னும் சிக்கல், விற்க நினைத்தாலும் வாங்க ஆள் வேண்டும். போதாததற்கு, பங்கு முழு உரிமையோடு கைக்கு வரும் நாளில் அதன் மதிப்புக்கும் அவன் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பள வருமானமாகவே வரித்துறையான சார்ஸ் எடுத்துக்கொண்டு வரி போடும்.

சம்பளம், கார், பங்கு மூன்றும் ஏற்கெனவே ஒரே ஆணியில் தொங்கப் போகின்றன. அதே ஆணியில் உங்கள் வீட்டையும் மாட்டச் சொல்கிறான். அந்த 150,000 பாண்டிலேயே இருக்கட்டும். அவன் வேலை போகிற மாதத்தில் அதை எடுத்துக் கொடுங்கள், அப்போது அருமை தெரியும்.

பங்கு ஆசை விடாவிட்டால், தன் சேமிப்பில் போனாலும் பரவாயில்லை என்கிற தொகைக்கு வாங்கட்டும். கையெழுத்துப் போடுமுன் பங்குக் கடிதத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேலையை விட்டால் பங்கு என்ன ஆகும் என்று எழுதியிருக்கும் பக்கத்தை விட்டுவிட வேண்டாம்.