ராணியின் பாத மருத்துவர் சுட்டிய வலி

கேள்வி: வயது 48. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. வலது பாதத்தில், கட்டைவிரலிலிருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது விரல்களுக்குக் கீழே எரிச்சல். ஷூவுக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் இருக்கிறது. கால் ஆணி என்று நினைத்து பிளாஸ்டர் ஒட்டினேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். விக்டோரியா ராணியின் பாத மருத்துவரான ஒரு யூதர்தான் இந்த வலியை முதலில் விவரித்தார் என்று படித்தேன். உண்மையா? எனக்கு என்ன சிகிச்சை?

பதில்: உண்மைதான். அவர் பெயர் லூயிஸ் டர்லாக்கர் (1792–1864). நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம், விக்டோரியா என மூவரின் அரண்மனையிலும் பாத மருத்துவராக இருந்தவர். ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திடாதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் 1854 வரை பட்டம் கிடையாது. பட்டம் கேட்காத, கால் ஆணி நீக்கும் தொழிலில் யூதர்கள் பலர் இருந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் லிங்கனின் பாதங்களைக் கவனித்த ஐசக்கர் சக்கரியும் யூதரே.

டர்லாக்கர் 1845-இல் எழுதியது இதுதான்: மூன்றாவது, நான்காவது விரல்களின் அடியெலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பில் வலி; வெளியே எந்த அடையாளமும் தெரியாது; வலிக்கும் இடத்தை ஒரு விரல் நுனியால் மூடிவிடலாம். ஆனால் 1876-இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் தாமஸ் மார்ட்டனின் பெயரே நோய்க்கு நிலைத்து, அது 'மார்ட்டன் நியூரோமா' ஆகிவிட்டது. மார்ட்டன் நான்காவது விரலின் அடி மூட்டையே வெட்டி எடுக்கச் சொன்னார். நரம்புதான் காரணம் என்ற வகையில் அரண்மனை மருத்துவர் சொன்னதே சரிக்கு அருகில் இருந்தது.

விரல்களின் அடியெலும்புகளின் தலைகளைக் குறுக்கே கட்டி வைத்திருக்கும் தசைநாருக்கு அடியில் அந்த நரம்பு போகிறது. குதிகால் உயர்ந்து விரல்கள் மடங்கும்போது நரம்பு அதன் விளிம்பில் உரசும். முனை குறுகிய ஷூ பக்கவாட்டிலும் நெரிக்கும். நாளடைவில் நரம்பைச் சுற்றி நார்த்திசு தடித்துவிடும். அது புற்றுநோய்க் கட்டி அல்ல.

ஷூவைக் கழற்றி அழுத்தித் தேய்த்தால் வலி தணிகிறதா? நரம்புதான் என்று சந்தேகிக்கலாம். வெறுங்காலில் தரையில் நின்றாலும் அதே வலி, இரண்டாவது விரலடியில் வீக்கம் என்றால் மூட்டுக் கோளாறாக இருக்கலாம். இரண்டு பாதங்களும் இரவில் எரிந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ஆணி பிளாஸ்டரை இனி தொடாதீர்கள். அதில் 40 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் இருக்கும். தடித்த தோல் இல்லாத இடத்தில் அது நல்ல தோலைத்தான் அரிக்கும். சர்க்கரை நோயாளிக்கு அது ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும்.

முதல் மருந்து காலணிதான். வெள்ளைத்தாளில் வெறுங்காலுடன் நின்று பாதத்தைச் சுற்றி வரையுங்கள்; ஷூவை அதன்மேல் வையுங்கள். விரலடிப் பகுதியில் கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். குதி உயரம் 2.5 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

அடுத்தது 6 மி.மீ. தடிமன் ஃபெல்ட் அல்லது சிலிகான் திண்டு. வலிக்கும் இடத்தில் லிப்ஸ்டிக் தடவி, ஷூவைப் போட்டு இரண்டடி நடந்தால் உள் அட்டையில் குறி விழும். திண்டின் முன்விளிம்பு அந்தக் குறிக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். பலர் குறியின் மேலேயே ஒட்டி, அழுத்தத்தைக் கூட்டிவிட்டு "திண்டால் பயனில்லை" என்கிறார்கள். சரியாக வைத்தால் திண்டு எலும்புகளை விரித்து நரம்புக்கு இடம் கொடுக்கும். முதல் சில நாட்கள் உறுத்தும். ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள்.

6 முதல் 12 வாரம் பொறுத்தும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தின் முன்பகுதியைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பார். "டக்" என்று நரம்பு நழுவுவது தெரியலாம். அல்ட்ராசவுண்டில் உறுதி செய்யலாம். ஸ்டீராய்டு ஊசி பலருக்கு உதவும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் அடிப்பாதக் கொழுப்பு மெலிந்து வேறு வலி வரும். அறுவை சிகிச்சை கடைசி வழி: நரம்பை வெட்டி எடுத்தால் அந்த விரலிடுக்கு மரத்தே இருக்கும், சிலருக்கு வெட்டிய முனையில் மீண்டும் தடிப்பு உண்டாகி வலி திரும்புவதும் உண்டு.