துளை போட்டு எடுத்தால் புற்றுநோய் முழுசாகப் போகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய் இருப்பதாக பயாப்சியில் தெரியவந்தது. வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்துவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர். ஆனால் என் அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். 'வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்து எடுத்தால்தான் முழுசாக எடுக்க முடியும்' என்பது அவர் வாதம். லேப்ராஸ்கோப்பியில் செய்துகொண்டவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது, இறப்பும் அதிகம் என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வையும் காட்டுகிறார். சித்தப்பாவோ, ரோபோ இருக்கும் இடமாகப் பாருங்கள் என்கிறார். நாங்கள் எதை நம்புவது, டாக்டர்?

பதில்: முதலில் அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். அவர் இன்று கேட்பதைத்தான் 1990-களில் அறுவை மருத்துவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெருங்குடல் புற்றுநோயை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கத் தொடங்கிய புதிதில், துளை போட்ட இடத்திலேயே புற்று மறுபடி முளைத்ததாக அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. வயிற்றுக்குள் செலுத்தும் வாயுதான் செல்களை அங்கே கொண்டுபோய் ஒட்டவைக்கிறதோ என்றுகூடப் பயந்தார்கள். முறைப்படியான ஆய்வில் சேர்ந்த நோயாளிகளுக்கு மட்டும் செய்வோம், மற்றவர்களுக்கு வேண்டாம் என்று பலரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்ததில் முக்கியமானது, வட அமெரிக்காவில் 48 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய் உள்ள 872 பேர். யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்தார்கள். மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 16 சதவீதம் பேருக்கு, திறந்து செய்ததில் 18 சதவீதம் பேருக்கு. உயிரோடு இருந்தவர்கள் 86, 85. துளையிலோ தையலிலோ புற்று வந்தது இரு பக்கமும் 1 சதவீதத்துக்கும் கீழே. பிறகு ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வுகளும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. ஆக, அம்மாவுக்கு வந்திருக்கும் இந்த நோயைப் பொறுத்தவரை, துளை போட்டுச் செய்வதால் புற்றை மிச்சம் வைத்துவிடுவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் அந்த 2004 ஆய்வில் ஒரு சங்கதி உண்டு. அதில் கத்தி பிடிக்க எல்லாரையும் விடவில்லை. குறைந்தது 20 லேப்ராஸ்கோப்பி குடல் அறுவைகள் செய்து முடித்திருக்க வேண்டும். அதோடு, தான் செய்த அறுவையின் வீடியோவை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே கொடுத்துத் தேற வேண்டும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இதுதான். முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை வசதியாக மறந்துவிடுகிறோம்.

பிரிட்டனில் ஏறக்குறைய அதே காலத்தில் நடந்த ஆய்வு இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டியது. லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துவிட்டு, முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது முதல் ஆண்டில் 38 சதவீதம் பேருக்கு. ஆறாம் ஆண்டில் அது 16 ஆகக் குறைந்தது. கருவி மாறவில்லை, கைதான் பழகியது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் செய்யும் 20 அறுவை மருத்துவர்களிடம் ஆளுக்கு ஒரு வீடியோ வாங்கினார்கள். யாருடையது என்று சொல்லாமல், சக மருத்துவர்களைப் பார்க்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். கைத்திறனில் கடைசி கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்வாசியில் இருந்தவர்களுக்கு 5.2. எல்லாரும் செய்தது ஒரே லேப்ராஸ்கோப்பி அறுவைதான். 2013-ல் இது வெளிவந்தபோது எங்களில் பலருக்குத் தூக்கம் கெட்டது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சரி, அண்ணன் காட்டும் ஆய்வுக்கு வருவோம். ஆண்டையும் சேதியையும் சேர்த்துப் பார்த்தால் அது கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றியது. ஆய்வு உண்மைதான். துளை போட்டுச் செய்தவர்களில் நாலரை ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 86 சதவீதம், திறந்து செய்தவர்களில் 96.5. அதன் பிறகு அந்த அறுவையில் உலகமே பழைய முறைக்குத் திரும்பத் தொடங்கியது. ஆனால் கருப்பைவாய் வேறு, குடல் வேறு. ஓர் உறுப்பில் வந்த முடிவை இன்னோர் உறுப்புக்குத் தூக்கி மாட்ட முடியாது.

செரிமான உறுப்புகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. உணவுக்குழாய் அறுவையில் துளை முறை நுரையீரலைக் காப்பாற்றுகிறது. 2012-ல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று 9 சதவீதம், திறந்து செய்தால் 29. மார்பைப் பிளக்காததால் நோயாளியால் இருமிச் சளியைத் துப்ப முடிகிறது, காரணம் அவ்வளவுதான். ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோயில் கொரியாவில் நடந்த பெரிய ஆய்வு இரண்டும் சமம் என்றது. கணையத் தலைப் பகுதியை எடுக்கும் பெரிய அறுவையில் கதை தலைகீழ். நெதர்லாந்தில் அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், ஏனென்றால் 90 நாளுக்குள் சிக்கலால் இறந்தவர்கள் லேப்ராஸ்கோப்பி பிரிவில் 50 பேரில் 5, மற்றதில் 49 பேரில் 1. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த நிலையில் தொடர்வது சரியில்லை என்று நிறுத்தியது நியாயமே.

'கண்ணால் பார்த்து' என்ற வாதத்தில் பாதி சரி. பார்வையில் குறை ஒன்றும் இல்லை. கேமரா கிட்டே போய்ப் பெரிதாக்கிக் காட்டும், வெறுங்கண்ணுக்குத் தப்பும் மெல்லிய நரம்புகூடத் திரையில் தெரியும். இழப்பது தொடுகையை. திறந்து செய்யும்போது குடலை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தே கட்டி எங்கே என்று சொல்லிவிடுவோம். துளை வழியாக நுழையும் கிடுக்கிக்கு அந்த உணர்வு கிடையாது. அதனால்தான் கட்டி சிறிதாக இருந்தால், கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்யும்போதே அதன் பக்கத்தில் குடல் சுவரில் கறுப்பு மை ஏற்றிவிடுவார்கள். அறுவையன்று வெளியிலிருந்து பார்த்தால் குடல் மேல் பேனா கசிந்ததுபோல ஒரு கறை தெரியும். அம்மாவுக்கு மை அடையாளம் வைத்திருக்கிறார்களா, அல்லது தேவையில்லாத அளவுக்குக் கட்டி பெரிதா என்று கேளுங்கள்.

அப்புறம், வெறும் துளைகளோடு முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். உள்ளே வெட்டிய குடலை வெளியே எடுக்க வழி வேண்டுமே! அதற்குச் சில சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல் உண்டு. அதன் விளிம்பில் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பொருத்தி, கட்டி சதையில் உரசாமல் வெளியே எடுப்பார்கள். துளையில் புற்று முளைப்பதாகச் சொன்ன அந்தப் பழைய பயம் அடங்கியதில் இந்த மாதிரிக் கவனத்துக்கும் பங்கு உண்டு.

லாபம் என்னவென்று கேட்டால் நிதானமாகத்தான் சொல்வேன். வலி குறைவு, குடல் சீக்கிரம் அசையத் தொடங்கும், காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. ஆனால் மருத்துவமனையில் இருக்கும் நாள் அந்த 2004 ஆய்வில் 6-லிருந்து 5 ஆனது, அவ்வளவே. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பித்தப்பை அறுவைக்கு ஒரு குறும்பான ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி, மீதிப் பேருக்குச் சின்னக் கீறல். எல்லார் வயிற்றிலும் ஒரே மாதிரி கட்டுப் போட்டு மறைத்துவிட்டார்கள். எந்த முறை என்று நோயாளிக்கும் தெரியாது, வார்டு நர்சுக்கும் தெரியாது. இரு தரப்பும் வீட்டுக்குப் போனது மூன்று இரவுகள் கழித்துத்தான், வேலைக்குத் திரும்பியதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 'உனக்குச் சின்ன ஆபரேஷன்' என்று சொல்லி அனுப்புவதிலேயே கொஞ்சம் குணம் இருக்கிறது போலும்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், ரோபோ தானாக அறுவை செய்வதில்லை. மேசைக்கு அப்பால் உட்கார்ந்து மருத்துவர்தான் அதன் கைகளை இயக்குகிறார். இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் இருக்கும் மலக்குடலில் மணிக்கட்டுபோல வளையும் அதன் கருவிகள் உதவக்கூடும். அங்கேகூட 2017-ல் வந்த ஆய்வில், வயிற்றைத் திறக்க நேர்ந்தது சாதாரண லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1 என்று குறைந்தாலும் அதை நிச்சயமான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. வலப்பக்கப் பெருங்குடலுக்காக ரோபோவைத் தேடி அலைய வேண்டாம். அந்த அலைச்சலில் வாரங்கள் போய்விடும்.

மருத்துவரிடம் நேரே கேளுங்கள்: இந்த அறுவையைக் கடந்த ஓராண்டில் எத்தனை முறை செய்தீர்கள், எத்தனை பேருக்கு வயிற்றைத் திறக்கும்படி ஆனது, எத்தனை பேருக்குக் குடல் இணைப்பில் (வெட்டிய இரு முனைகளையும் சேர்த்த இடத்தில்) கசிவு வந்தது? பழகிய மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எண் தயாராக இருக்கும். 'எனக்குத் திறந்து செய்வதுதான் நன்றாக வரும்' என்று ஒருவர் சொன்னால், அவரிடமே திறந்து செய்துகொள்ளலாம். நான் என் சொந்தக்காரர்களையும் அப்படித்தான் அனுப்புவேன். பாதியில் திறக்க நேர்ந்தால் அண்ணன் 'நான் அப்போதே சொன்னேனே' என்பார். ரத்தக்கசிவோ, உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதோ பார்த்துச் சரியான நேரத்தில் திறப்பது தோல்வி அல்ல என்று இப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

அம்மாவிடமும் ஒன்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மயக்கம் தெளிந்ததும் வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கலாம். நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிடுவார். உள்ளே செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம் நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசைத் திரையான உதரவிதானத்தை உறுத்தும், அதன் நரம்பின் வலி தோளில் தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். மாறாக, மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல், படபடப்பு, நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, உப்புசம் என்று வந்தால் வாயு என்று விடாதீர்கள். அது இணைப்புக் கசிவாக இருக்கலாம். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.