கறுப்புப் புகைக்குப் பம்பு மட்டும்தான் காரணமா?

பழைய டீசல் லாரி வைத்திருப்பவர்கள் எழுதிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுக்க அவர்களுக்கே. பம்பு என்று இங்கே சொல்வது இன்ஜினுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்பும் பம்பை. கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: 2008 மாடல் டர்போ வண்டி. லோடோடு தொப்பூர் ஏறினால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாத அளவு கறுப்புப் புகை. பம்புக் கடையில், பம்புக்குள் டீசலை அழுத்தும் எலிமென்ட், டெலிவரி வால்வு எல்லாம் மாற்றி 38,000 ரூபாய் வாங்கினார்கள். புகை அப்படியேதான் இருக்கிறது. இப்போது பம்பையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (சங்ககிரி)

பதில்: மாற்றாதீர்கள். கறுப்புப் புகை என்றால் உள்ளே போன டீசலுக்குப் போதிய காற்று இல்லை என்று அர்த்தம். டீசல் கூடியிருக்கலாம், காற்று குறைந்திருக்கலாம். உங்கள் கடைக்காரர் முதல் பாதியை மட்டும் பார்த்துப் பணம் வாங்கியிருக்கிறார். காற்றுப் பக்கம் யாராவது கை வைத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். அடைத்திருந்தால் அதுவே போதும் இந்தப் புகைக்கு. அப்புறம் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகப் படிந்திருந்தால் அந்த இடத்தில் காற்று வெளியேறுகிறது. ஹோஸின் அடிப்பக்கத்தில் இருக்கும் கீறல் மேலிருந்து பார்த்தால் தெரியாது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒருவரை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொன்னால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. டர்போ வண்டிப் பம்பில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மேல் தொப்பி மாதிரி ஒரு சின்ன டப்பா இருக்கும், அதற்கு டர்போ காற்று வருகிற மெல்லிய குழாய் ஒன்று போகும். காற்று அழுத்தம் ஏறும்வரை டீசலைக் கட்டுப்படுத்தி வைப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் வண்டி இழுக்காது. அதை மாற்றுவதற்குப் பதிலாக, கட்டுப்பாடே வேலை செய்யாதபடி முறுக்கி விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. அப்படிச் செய்தால் மிதித்தவுடன் முழு டீசல் போகும், காற்று பின்னால்தான் வரும், நடுவில் புகை. உங்கள் வண்டியில் யாராவது அதைத் தொட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதிக்கலாம், பீய்ச்சும் நேரத்தை, அதாவது டைமிங்கைப் பார்க்கலாம். பம்பு அதற்கும் பிறகுதான்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை. ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பம்பு போய்விட்டதா? (ஏற்காடு)

பதில்: குளிர் ஊர், பழைய இன்ஜின். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை என்றால் செலவு செய்யாமல் ஓட்டுங்கள். குறைகிறது என்றால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டை இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: ஆறு நாசில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிப் போட்டேன். பில் தரவில்லை. ஒரே மாதத்தில் இன்ஜின் தட்டுகிறது, புகை அதிகமாகிவிட்டது. கடைக்காரர் "என்னிடம் வாங்கியதற்கு என்ன ஆதாரம்" என்கிறார். (திருச்செங்கோடு)

பதில்: ஆதாரம் இல்லை, உண்மைதான். அந்த ஆதாரத்தை வேண்டாம் என்று விட்டது நீங்கள். அசல் பாகம் பாதி விலைக்கு ஏன் வருகிறது என்று கேட்கவும் இல்லை. போர்வெல் ரிக் வண்டியும் லாரியும் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு பில் இல்லாமல் நாசில் வாங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நானும் போலி நாசிலில் பணம் இழந்தவன். பெட்டி, லேபிள், எண் எல்லாம் அசல் போலவே இருந்தன. பில்லும் வாங்கினேன், ஆனால் அதில் பாகத்தின் எண் இல்லாமல் "நாசில் செட்" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் கொண்டுபோய்க் காட்டியது அங்கே விற்றதுதான் என்று நிரூபிக்க முடியவில்லை. அதிலிருந்து பாக எண் எழுதாத பில்லை நான் வாங்குவதில்லை.

முதலில் அந்த ஆறையும் கழற்றுங்கள். கைப்பம்பு டெஸ்டரில் ஒவ்வொன்றாகப் போட்டு உங்கள் கண்முன் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல நாசில் குறித்த அழுத்தத்தில் டக்கென்று திறந்து, எல்லாத் துளையிலிருந்தும் ஒரே மாதிரி பனிபோல் பீய்ச்சும், நின்றதும் நுனி காய்ந்திருக்கும். கெட்ட நாசில் ஒரு துளையில் கம்பியாக ஊற்றும், நுனியில் சொட்டு தொங்கும். அந்தச் சொட்டுதான் பிஸ்டன் தலையில் விழுந்து ஓட்டை போடுகிறது. இனி நாசில் வாங்கும்போது டெஸ்டர் இருக்கிற கடையிலேயே வாங்கி, அங்கேயே சோதித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பம்பில் டீசல் அளவை ஏற்றி வைக்கச் சொன்னேன். பிக்கப் நன்றாக இருக்கிறது, ஆனால் மைலேஜ் விழுந்துவிட்டது, புகையும் வருகிறது. மைலேஜ் குறையாமல் டீசல் ஏற்ற என்ன வழி? (நாமக்கல்)

பதில்: வழி இல்லை. டர்போ இல்லாத பழைய இன்ஜின் உங்களுடையது. அது இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் ஊற்றும் டீசல் சக்தியாக மாறாமல் புகையாகப் போகிறது, கூடவே புகைபோக்கிச் சூடும் ஏறுகிறது. நீண்ட ஏற்றத்தில் அந்தச் சூடு பிஸ்டனை உருக்கிவிடும். பெரிய நாசில், கூடுதல் ஃபீடு பம்பு என்று அடுத்து கேட்டிருக்கிறீர்கள். ஃபீடு பம்பு டாங்கிலிருந்து டீசலைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். இருப்பது சரியாக வேலை செய்தால் பெரியது போட்டாலும் இழுவை அதிகமாகாது. பம்பை, டீசல் அளவைச் சோதிக்கும் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்கே திருப்புங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வது சரி அண்ணே, ஆனால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது மட்டும் டீசலைக் குறைத்துவிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். (பரமத்தி வேலூர்)

பதில்: பி.எஸ்.-4 என்ற மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகையின் உச்ச அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட், பி.எஸ்.-4க்கு 50. காற்றும் நாசிலும் ஒழுங்காக உள்ள பழைய இன்ஜின் 65க்குள் தாராளமாக வரும். அப்படி வராத வண்டியை அன்றைக்கு மட்டும் வரவைத்தால் மறுநாள் ரோட்டில் பிடிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு புகைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். அப்போது லைசென்ஸ் போவது ஸ்டியரிங் பிடித்தவருடையது, புரோக்கருடையது இல்லை.

கேள்வி: சொந்தமாக ஒரே லாரி, நானே ஓட்டுகிறேன். வேறு மாவட்டத்துக் கடையில் பழைய பம்பைக் கொடுத்துவிட்டு, மேலே 55,000 ரூபாய் கட்டி ரீகண்டிஷன் பம்பு வாங்கினேன். பத்து நாளில் இன்ஜின் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடிக்கிறது. கேட்டால் "உன் டீசல் சரியில்லை" என்கிறார்கள். பில் இருக்கிறது. பழைய பம்பையும் திருப்பித் தர மறுக்கிறார்கள். லாரி வியாபாரத்துக்கானது என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று ஒரு வக்கீல் சொல்கிறார். (கரூர்)

பதில்: தம்பி, முதலில் வண்டியை நிறுத்துங்கள். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். இன்ஜின் ஆயிலால் மசகு பெறும் பம்பில் எலிமென்ட் தேய்ந்திருந்தால் டீசல் கசிந்து இப்படித்தான் ஆயிலில் கலக்கும். எலிமென்டைப் புதிதாகப் போட்டதாகப் பில்லில் எழுதியிருந்தால், பத்து நாளில் அது தேய்ந்ததற்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஃபீடு பம்பு வழியாகவும் கசியலாம், அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அந்த வக்கீல் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்பே, 1995-ல், லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது: லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். பத்து லாரி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிற முதலாளிக்கு இந்தச் சலுகை இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

பம்பின் ஈய சீலை உடைக்காதீர்கள், வேறு யாரையும் உடைக்கவும் விடாதீர்கள். அப்படியே போட்டோ எடுங்கள். கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி, பதிவுத் தபால் ரசீதை வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கரூரிலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சீல் உடையாமல் இருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இங்கே பம்புக் கடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேலிபரேஷன் என்பது பம்பை பெஞ்சில் ஓட்டி, குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை மில்லி டீசல் வருகிறது என்று கண்ணாடிக் குழாயில் அளப்பது. அளவு அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் ஆகாது. ஆனாலும் கேட்டால்தான் தருகிறார்கள், பல இடங்களில் கேட்டாலும் தருவதில்லை. "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்று கோபப்படுகிறார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவன் நம்பிக்கையை வைத்து என்ன செய்வான்? கழற்றிய பழைய எலிமென்டையும் வால்வையும் தருவதில்லை. மாற்றினார்களா, தேய்த்துத் துடைத்துப் போட்டார்களா என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குத் தாள் தராமல் "சரியா இருக்கு, போங்க" என்றால் நாம் எழுந்து வருவோமா? நேர்மையாக வேலை செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. அவர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து அளந்து காட்டுகிறார்கள். தாளும் பழைய பாகமும் தராத கடைக்கு லாரிக்காரர்கள் போகாமல் இருந்தால் இது ஒரே வருடத்தில் மாறும். பம்பைக் கொடுக்கும் முன்பே இரண்டையும் கேளுங்கள், மறுத்தால் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: 2018 மாடல் வண்டி. புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் ஊற்றாமலே ஓடும்படி ஒரு சின்னப் பெட்டி மாட்டித் தருகிறார்கள். வாங்கலாமா? (ஓசூர்)

பதில்: வேண்டாம். சட்டப்படி குற்றம்.

கேள்வி: இரவு நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடுகிறது. கைப்பம்பு அடித்தால் ஓடுகிறது. ரோட்டில் போகும்போதும் இழுவை விட்டு விட்டு வருகிறது. பம்பு ஓவர்ஹால் செய்ய 25,000 கேட்கிறார்கள். (தூத்துக்குடி)

பதில்: ஏர் பிடிக்கிறது. 25,000 ரூபாயை எடுத்து வையுங்கள். டாங்கிலிருந்து ஃபீடு பம்பு வரை வருகிற லைனில் எங்கோ காற்று நுழைகிறது. அது உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெளியே டீசல் கசியாமலே உள்ளே காற்று போகும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. ஃபீடு பம்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குக் உள்ளே இருப்பது தெரியும் ஹோஸ் மாட்டி ஓட்டிப் பாருங்கள், குமிழி வந்தால் உறுதி. பழைய ஹோஸ், தாமிர வாஷர், ஃபில்டர் கேஸ்கெட் மூன்றையும் மாற்றுங்கள். குமிழி இல்லையென்றால் ஃபீடு பம்பின் வால்வு. அதற்கும் மேலே பம்பிலிருந்து டாங்குக்குத் திரும்பும் லைனில் ஓவர்ஃப்ளோ வால்வு இருக்கும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்புக்குள் டீசல் அழுத்தம் நிற்காது, ஏற்றத்தில் இழுவை போகும். சில பட்டறைகளில் அந்த வால்வு தொலைந்துபோனதும் ஒரு சாதாரண ஓட்டை போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். உங்களுடையதைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இப்போதைய டீசலில் கந்தகம் குறைவு, பழைய பம்பு தேய்ந்துவிடும் என்று சொல்லி ஒரு பாட்டில் விற்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தாலும் போதும் என்கிறார்கள். (மதுரை)

பதில்: இரண்டும் வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.க்கு, அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, உண்மை. கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பும் குறையும், அதுவும் உண்மை. ஆனால் அதை ஈடுகட்டும் பொருளைச் சேர்த்து, தேய்மானச் சோதனையில் தேறிய டீசலைத்தான் பெட்ரோல் பங்குக்கு அனுப்ப வேண்டும் என்று தர அளவே சொல்கிறது. உங்கள் பம்பைக் கெடுப்பது தண்ணீர், தூசி, லிட்டருக்குப் பத்து இருபது ரூபாய் குறைவு என்று ரோட்டோரம் விற்கும் எண்ணெய். பாட்டில் பணத்தில் ஃபில்டர் மாற்றுங்கள், டாங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். டீசல் மேல் சந்தேகம் இருந்தால் பங்கில் அடர்த்தி அளந்து காட்டச் சொல்லுங்கள். பங்கின் அன்றைய பதிவுக்கும் அதற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பழைய லாரி ஒன்றை விலை பேசியிருக்கிறேன். நீலப் புகை வருகிறது. "டர்போ சீல்தான், பதினைந்தாயிரத்தில் முடியும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? (ஆத்தூர்)

பதில்: நம்பாமல் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போவிலும் வரும், இன்ஜினுக்குள் ரிங், லைனர், வால்வு கைடு தேய்ந்தாலும் வரும். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்ஜின் சூடானபின் ஓட விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலேயே லேசாக வையுங்கள். மூடி குதித்து, குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் போய்விட்டது, அவர் சொல்வது பொய். மூடி அமைதியாக இருந்தால் டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா பாருங்கள், ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இந்தச் சோதனை முடியும்வரை கொடுக்காதீர்கள்.