வாசகர் கேள்வி – பதில்: கப்டனோடு வந்த மற்ற ஆட்கள்

கேள்வி: கற்சிலைமடுக் கல்லைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று அதில் பொறித்திருந்ததைச் சொன்னதும், "கப்டனோட வந்த மற்ற ஆக்கள் யாரம்மா? அவைக்குப் பிள்ளையள் இல்லையா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?
— ஓர் அம்மா, ஒட்டுசுட்டான்

பதில்: இருந்தார்கள் என்று சொல்லுங்கள் அம்மா. ஆனால் அந்தக் குடும்பங்களில் மிகச் சிலவற்றைத்தான் படை கணக்கில் எடுத்தது.

அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்த ஆங்கிலப் படையில் எல்லோரும் வெள்ளைக்காரர் இல்லை. ஒல்லாந்தரிடம் சேவகம் செய்து பிறகு ஆங்கிலேயரிடம் மாறிய மலாய்க்காரர் இருந்தார்கள், இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்கள் இருந்தார்கள், விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரும் சேர்க்கப்பட்டார்கள். ஆபிரிக்கரின் சந்ததியினர் இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் வாழ்கிறார்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாயும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. கூலி வேலை கிடைக்காதவன், தறி நின்றுபோன நெசவாளி, அயர்லாந்தில் பட்டினி கிடந்தவன், இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். சம்பளம் நாளைக்கு ஒரு சிலிங். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் அதிலேயே கழிப்பார்கள். பிழை விட்டால் கசையடி. 1846இல்தான் அதை 50 அடிக்கு மேல் போகக்கூடாது என்று மட்டுப்படுத்தினார்கள், ஒழித்தது 1881இல்.

கலியாணம் செய்ய மேலதிகாரியின் அனுமதி வேண்டும். நூறு பேருக்கு ஒரு சிலரின் மனைவிமாரைத்தான் படைக் கணக்கில் சேர்ப்பார்கள். படை கடல் கடந்து போகிறது என்றால், யாருடைய மனைவி கூடப் போவது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். துண்டுகளில் "போகலாம்", "போகக்கூடாது" என்று எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கிவிட, பெண்கள் கைக்குழந்தையும் தாங்களுமாக ஒவ்வொருவராக வந்து எடுக்கவேண்டும், அதுவும் பல தடவை கப்பல் ஏறும் நேரத்தில். "போகக்கூடாது" வந்தவள் பிள்ளைகளோடு கரையில் நின்றுவிடுவாள், பலருக்கு அதுதான் கடைசிச் சந்திப்பு. இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு அந்தத் தொப்பிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

சீட்டு விழுந்தவளுக்கும் சுகமான வாழ்க்கை என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் படைமுகாம்களிலேயே 1850கள் வரைக்கும் பல இடங்களில் குடும்பத்துக்கென்று தனி அறை கிடையாது, ஆண்கள் படுக்கும் கூடத்தின் மூலையில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு அதற்குப் பின்னால்தான் குடித்தனமும் பிள்ளைப்பேறும். சிப்பாய்களின் உடுப்புத் தோய்த்துக் கொஞ்சக் காசு தேடுவாள், பங்கீட்டுச் சாப்பாடு அவளுக்குப் பாதிதான். புருசன் செத்தால் அந்தப் பாதியும் நின்றுவிடும், அதனால் துக்கம் ஆறமுன்னமே அதே படையில் இன்னொருவனைக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதைக் குறையாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

சரி, பண்டாரவன்னியன் பக்கம் நின்றவர்கள்? அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்த படையைத் துரத்திவிட்டவர்கள். ஆனால் ஆங்கிலேயச் சிப்பாய்க்குச் சம்பளப் பட்டியலிலாவது ஒரு வரி இருக்கிறது, நம்முடைய ஆட்களுக்கு அதுவும் இல்லை. அவர்களின் மனைவிமார் எந்தக் காட்டுக்குள் ஒதுங்கினார்கள், யார் சோறு போட்டார்கள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. தலைவனுக்குச் சிலை வைத்தோம், நல்லதுதான். கூட நின்றவர்களைப் பற்றியும் மகளோடு பேசுங்கள்.

கேள்வி: சண்டையில் செத்தவர்கள் அதிகமா, நோயில் செத்தவர்களா?
— மாணவர், வவுனியா

பதில்: நோயில்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். 1803இல் கண்டிக்குப் போன ஆங்கிலப் படை காய்ச்சலில்தான் முதலில் விழுந்தது, எழும்ப முடியாத நோயாளிகளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வெளியேறினார்கள். வன்னிக் காட்டுக் காய்ச்சலைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். மலேரியாவை நுளம்பு காவுகிறது என்பதை ரொனால்ட் ரொஸ் கண்டுபிடித்தது 1897இல். அதுவரைக்கும் சதுப்பிலிருந்து வரும் கெட்ட காற்றுத்தான் காரணம் என்று பெரும்பாலும் நம்பினார்கள், நுளம்புக்கடியிலிருந்து தப்பவேண்டும் என்று தெரியவில்லை.

கேள்வி: சாதாரண சிப்பாய் வீட்டுக்குக் கடிதம் போட முடியுமா?
— வாசகர், மாங்குளம்

பதில்: முடியும். 1795இலிருந்து சிப்பாய்க்கு ஒரு பென்னி சலுகை இருந்தது, கட்டளை அதிகாரி உறையில் கையெழுத்து வைக்கவேண்டும். எழுதத் தெரியாதவன் கூட்டாளியைக் கொண்டு எழுதுவிப்பான். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது, அதற்கு முன் ஆபிரிக்காவைச் சுற்றிக் கப்பல் போக மாதக்கணக்கு ஆகும். பிள்ளை பிறந்த செய்தி தகப்பனிடம் வரும்போது பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: எங்கள் பூட்டனார் மலாய்ப் படையாள் என்று அம்மம்மா சொல்வா. இடம்பெயர்ந்தபோது படமும் பத்திரமும் எல்லாம் போய்விட்டது. இனித் தேட வழி உண்டா?
— வாசகி, முல்லைத்தீவு

பதில்: உண்டு, மனம் விடாதீர்கள். மலாய்க்காரர் சேவை செய்த சிலோன் ரைபிள்ஸ் படை 1873இல் கலைக்கப்பட்டது, அதற்குப் பிறகு பலர் பொலிசில் சேர்ந்தார்கள். அவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த படை என்பதால் பிள்ளைகளின் வழி பெரும்பாலும் இலங்கையிலேயே இருக்கும். பிரிட்டிஷ் படையின் பழைய சம்பளப் பட்டியல்கள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. ஓய்வூதியம் பெற்று விலகியவர் என்றால் விலகல் பத்திரமும் இருக்கக்கூடும். பிறந்த ஊர், வயது, உயரம், கண் நிறம் வரைக்கும் அப்படிப்பட்ட பத்திரங்களில் எழுதுவார்கள். சேவையில் இருக்கும்போதே செத்தவர்களை அந்தப் பத்திரங்களில் தேடிப் பயனில்லை, சம்பளப் பட்டியலில்தான் பார்க்கவேண்டும்.

முதலில் அம்மம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பூட்டனார் எந்த ஊரில் இருந்தார், எந்தப் பள்ளிவாசலுக்குப் போனார், பொலிசில் இருந்தாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் அரபு எழுத்தில் மலாய் எழுதிய பழைய கொப்பி ஏதும் இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். காப்பகத்துக்கு எழுதும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒரே ஆளின் பெயர் ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆகவே படைப்பிரிவு, கிட்டத்தட்ட எந்த ஆண்டுகள், எந்த ஊர் என்ற மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.